நன்றி ஒரு கடன். பதவி ஓர் அமானிதம்

நெடுங்காலம் ஒரு பொறுப்பைச் சுமந்து, பலருக்கும் பயன்பட்டுப் புகழும் பெற்ற ஒருவருடைய ஆற்றல் ஒரு கட்டத்தில் தளரத் தொடங்கினால், அவரால் பயன்பெற்றோர் செய்ய வேண்டுவது யாது? முன்னர் அவர் செய்த நன்மையை எண்ணி அவரை அந்த இடத்திலேயே இருத்தி வைப்பதா? இன்றைய தேவையை எண்ணி விலகச் சொல்வதா? முன்னதைச் செய்தால் பொறுப்புக்கு அநீதி இழைத்தவர்களாவோமோ என்ற ஐயம் எழுகிறது. பின்னதைச் செய்தால் நன்றி கொன்ற பழி வந்து சேருமோ என்ற அச்சம் எழுகிறது. அரசவை முதல் இல்லம் வரை, மனிதர் கூடி வாழும் இடமெல்லாம் இக்கேள்வி ஒருநாள் எழுந்தே தீரும்.

இதனை ஆராய்வதற்கு ஒரு கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மார்க்கக் கல்வி போதிக்கும் ஒருவனுக்குப் பந்தாட்டத்தோடு என்ன உறவு என்றும் வினவலாம். விளையாட்டை வாழ்வின் குறிக்கோளாக்கிக் கொள்வதை நாம் ஒப்பவில்லை. ஆயினும் இன்று நம் இல்லத்துப் பிள்ளைகள் இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டங்களை இரவில் கண்விழித்துப் பார்க்கிறார்கள். இன்ன கழகத்தின் மேலாளர் நீடிக்க வேண்டுமா, விலக வேண்டுமா என்று தமக்குள் காரசாரமாக வாதிடுகிறார்கள். பெரியவர்கள் அதனைக் கேட்டு, 'வீண் பேச்சு' என்று சொல்லிவிட்டு அப்பால் போகிறோம். சற்று நின்று செவிமடுத்தால், அவ்வாதத்தின் உள்ளே அறநூல்கள் ஆராய்ந்த பெரிய வினா ஒன்று பொதிந்திருப்பது புலனாகும். நல்லறிவு எங்குக் கிடைப்பினும் அதனை எடுத்துக்கொள்வதே நம் முன்னோர் காட்டிய வழி.

வந்ததும் வென்றதும்

லண்டன் மாநகரின் வடபகுதியில் ஆர்சனல் என்றொரு கழகம் உண்டு. 1996 அக்டோபர் முதல் நாளன்று ஆர்சேன் வெங்கர் என்னும் பிரெஞ்சுக்காரர் அதன் மேலாளராகப் பொறுப்பேற்றார். 1949இல் பிறந்த அவர், பிரான்சு எல்லைப்புறத்து அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவர். மொனாக்கோ கழகத்துக்கு 1988இல் பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்று தந்தவர். லண்டனுக்கு வருமுன் ஜப்பானில் நகோயா நகரக் கழகத்தை நடத்திக் கொண்டிருந்தார். இங்கிலாந்தின் கால்பந்து உலகம் அவரை அறிந்திருக்கவில்லை. 'யார் இந்த ஆர்சேன்?' என்ற பொருள்பட லண்டன் நாளேடு ஒன்று தலைப்பிட்டதாம்.

வந்தவர் முதலில் கைவைத்தது ஆட்டத்தில் அன்று, உணவிலும் பழக்கவழக்கத்திலுமே. அந்நாளில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் பலரிடம் மதுப்பழக்கம் மலிந்திருந்தது. அக்கழகத்தின் தலைவரான டோனி ஆடம்ஸே தாம் குடிப்பழக்கத்துக்கு அடிமைப்பட்டிருப்பதை அதே 1996இல் வெளிப்படையாக அறிவித்திருந்தார். வெங்கர் மதுவுக்குத் தடை போட்டார். இனிப்புகளையும் கொழுப்பு மிகுந்த உணவையும் குறைத்தார். அவித்த காய்கறியும் மீனும் கோழியும் உண்ணச் செய்தார். உடலை அமானிதமாகக் கருதிப் பேணும் ஒழுக்கம் அங்கே வேரூன்றிற்று. இதன் பயனாக, முடிந்துவிட்டார்கள் என்று கருதப்பட்ட மூத்த ஆட்டக்காரர்கள் மேலும் பல ஆண்டுகள் ஆடினார்கள்.

1998இல் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் ஒருசேரக் கிடைத்தன. பிரிட்டிஷ்காரர் அல்லாத மேலாளர் ஒருவர் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. 2002இல் அந்த இரட்டை வெற்றி மீண்டும் வந்தது. 2003-04 பருவத்திலோ 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமநிலை எனத் தோல்வியே காணாமல் லீக் முழுவதையும் முடித்தார்கள். அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்தது 1888-89இல்தான். அப்போது ஆடப்பட்டவை 22 ஆட்டங்களே. அந்த அணியில் அரணாக நின்று ஆடிய ஐவரி கோஸ்ட் நாட்டுக் கோலோ தூரே நம் மார்க்கச் சகோதரர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

வளர்ச்சியும் தளர்ச்சியும்

2006இல் கழகம் தன் பழைய ஹைபரி அரங்கை விட்டு, ஏறத்தாழ 60,000 பேர் அமரும் புதிய அரங்குக்குக் குடிபெயர்ந்தது. பழைய அரங்கில் 38,000 பேரளவே அமர முடிந்தது. வளைகுடா செல்லும் நம்மவர்க்கு நன்கு பழக்கமான எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் பெயரே அப்புதிய அரங்குக்கு வைக்கப்பட்டது. கட்டடத்துக்காக வாங்கிய கடன் பெரிது. கடன் கொடுத்த வங்கிகள், வெங்கர் மேலும் ஐந்தாண்டுகள் பணிபுரிய ஒப்பமிட வேண்டுமெனக் கேட்டதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஒரு மனிதரின் மீதிருந்த நம்பிக்கை, கல்லாலும் இரும்பாலும் எழும்பிய கட்டடத்துக்கே பிணையாக நின்றது என்றால் அவர் தகுதியை அளவிட வேறு கோல் வேண்டியதில்லை.

ஆனால் அக்கடன் ஆண்டுகளே அவருக்குச் சோதனை ஆண்டுகளாயின. சிறந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஹென்றி 2007இல் போனார். ஃபாப்ரிகாஸ் 2011இல் போனார். வான் பெர்சி 2012இல் நேர்ப்போட்டியாளரான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 2005 மே மாதத்திலிருந்து 2014 மே வரை, ஒன்பது ஆண்டுகள், ஒரு கோப்பையும் வரவில்லை. 2011 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 8-2 என்று தோற்றார்கள். 2014 மார்ச்சில் வெங்கரின் ஆயிரமாவது ஆட்டம். பெருமை பாராட்ட வேண்டிய அந்த நாளில் செல்சியிடம் 6-0 என்று வீழ்ந்தார்கள்.

இவ்வளவுக்கிடையிலும் அவர் பொறுப்பேற்ற பருவம் முதல் 2015-16 வரை, தொடர்ந்து இருபது பருவங்கள், லீக்கின் முதல் நான்கு இடங்களுக்குள்ளேயே கழகம் நின்றது. 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையும் வந்தது. மொத்தம் ஏழு முறை அக்கோப்பையை வென்ற மேலாளர் அவர். இவ்வாறு, முற்றிலும் வீழ்ந்தார் என்று சொல்லவும் முடியாமல், முன்போல் ஓங்கினார் என்று சொல்லவும் இயலாமல் நின்ற நிலையே வாதத்தை நெடிது வளர்த்தது. முழுத் தோல்வி தீர்ப்பை எளிதாக்கும். முழு வெற்றியும் அவ்வாறே. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் மனிதரின் நீதியுணர்வைச் சோதிக்கிறது.

வானில் பறந்த இரு வாசகங்கள்

ஆதரவாளர்கள் இரு கூறாகப் பிரிந்தார்கள். ஒரு சாரார் சொன்னார்கள்: "இக்கழகத்தை உலகறியச் செய்தவர் அவர். கடனைச் சுமந்த ஆண்டுகளில் வேறெவரும் இந்த அளவுகூட நிறுத்தியிருக்க முடியாது. அவரைப் போகச் சொல்வது நன்றிகெட்ட செயல்." மறுசாரார் சொன்னார்கள்: "இங்கிலாந்திலேயே விலை மிகுந்த நுழைவுச் சீட்டுகளை வாங்கி அமர்கிறோம். ஆண்டுதோறும் அதே குறை, அதே தோல்வி. நேற்றைய வெற்றிக்காக நாளைய கழகத்தைப் பலியிடலாகாது." இரு சாராரும் அக்கழகத்தை நேசித்தவர்களே. பகைவர் இருவர் இட்ட சண்டையன்று அது. ஒரே தாயின் பிள்ளைகள் இட்ட சண்டை.

அச்சண்டை 2017 மார்ச் 18ஆம் நாள் வானத்துக்கே ஏறிவிட்டது. வெஸ்ட் பிராம்விச் நகரில் ஆர்சனல் ஆடிக்கொண்டிருந்தபோது, புதிய ஒப்பந்தம் கூடாது, வெங்கர் வெளியேற வேண்டும் என்ற வாசகத்தை இழுத்துக்கொண்டு ஒரு சிறு விமானம் அரங்கின் மேலே பறந்தது. அதற்கு மறுமொழியாக, ஆர்சேன் மீது நம்பிக்கை வைக்கிறோம், அவருக்கு மரியாதை செய்க என்ற வாசகத்தோடு மற்றொரு விமானம் பறந்தது. கீழே நின்ற மனிதரோ அறுபத்தேழு வயதைக் கடந்தவர். அவர் அணி அன்று 3-1 என்று தோற்றது.

அவ்விரண்டு வாசகங்களையும் சற்று உற்று நோக்குவோம். முதல் வாசகத்தில் இருபது ஆண்டு உழைப்புக்கு ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது வாசகம் அமெரிக்க நாணயங்களில் பொறிக்கப்பட்டுள்ள, இறைவன் மீதே நம்பிக்கை வைக்கிறோம் என்னும் முத்திரை மொழியின் அச்சில் வார்க்கப்பட்டது. இறைவனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதரின் பெயர் அமர்ந்திருக்கிறது. எழுதியவர்கள் அதனை விளையாட்டாகவே எழுதியிருப்பார்கள். நாம் அவர்களைப் பழிக்கவில்லை. எனினும், ஒருவரின் தொண்டை மறந்துவிடுவது, அவரைத் தவிர்க்க முடியாதவராக்கி விடுவது என்னும் இரு எல்லைகளை அந்த இரு விமானங்களும் நமக்கு வரைந்து காட்டிவிட்டன. சிந்திப்போர் நிற்க வேண்டிய இடம் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது.

இரண்டு கடன்கள்

இவ்வாதத்தில் இரு சாராரும் ஒரே பிழையைச் செய்தார்கள் என்பது நம் கருத்து. இரண்டு வெவ்வேறு கடன்களை ஒன்றாகக் கலந்துவிட்டதே அப்பிழை.

முதற்கடன் நன்றி. அது மனிதருக்குரியது, கடந்த காலத்தைச் சார்ந்தது, ஒருபோதும் காலாவதியாகாதது. மனிதருக்கு நன்றி பாராட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னும் கருத்தை நம் நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். இரண்டாவது கடன் அமானிதம். அது பொறுப்புக்குரியது, வருங்காலத்தைச் சார்ந்தது, அப்பொறுப்பால் பயன்பெற இருப்போர் அனைவருக்கும் செலுத்தப்பட வேண்டியது. அமானிதங்களை அவற்றுக்கு உரியோரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பது திருக்குர்ஆனின் தெளிவான கட்டளை. பதவி ஒருவருக்குக் கொடுக்கப்படும் பரிசில் அன்று. பரிசிலாக இருந்தால் அதனை நன்றிக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். பிறருடைய பொருளை எடுத்து நம் கடனை அடைக்க நமக்கு உரிமை ஏது?

வள்ளுவப் பெருந்தகையும் 'செய்ந்நன்றி அறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்துவிட்டு, அதனோடு நில்லாமல், ஆராய்ந்து தகுதியறிந்து வினையை ஒப்படைப்பதற்குத் 'தெரிந்து வினையாடல்' எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது அறத்துப்பாலில் உள்ளது. பின்னது பொருட்பாலில் உள்ளது. நன்றியுணர்வு வேறு, பொறுப்பளிக்கும் முறை வேறு என்பதை இந்த வைப்பு முறையே காட்டுகிறதன்றோ?

விலக வேண்டும் என்றவர்கள், அந்த வேண்டுகோளுக்கு வலுவூட்ட அவர் முன்பு செய்தவற்றையும் சிறுமைப்படுத்தினார்கள்; முதற்கடனை மறுத்தார்கள். நீடிக்க வேண்டும் என்றவர்கள், முன்பு செய்தவற்றையே பதவிக்கு விலையாகக் காட்டினார்கள். இரண்டாவது கடனை மறந்தார்கள். இரண்டையும் தனித்தனியே செலுத்தலாம் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

இஸ்லாமிய வரலாறு இவ்வகையில் நமக்கு அரிய முன்மாதிரிகளை வைத்திருக்கிறது. நபித்தோழர் அபூதர் (ரலி) அவர்களின் வாய்மையும் துறவுள்ளமும் உலகறிந்தவை. அவர்கள் ஒரு பதவியை நாடியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தோளில் அன்போடு தட்டி, அப்பொறுப்பைச் சுமக்கும் வலிமை அவரிடம் இல்லை என்பதையும், அஃதோர் அமானிதம் என்பதையும் எடுத்துரைத்து மறுத்துவிட்டார்கள். அன்பும் மறுப்பும் ஒரே கையில் இருந்தன. நேசிப்பவருக்கெல்லாம் பதவி தந்தாக வேண்டும் என்பதோ, பதவி தராதவர் நேசிக்காதவர் என்பதோ அங்கே இல்லை.

ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நுட்பமானது. காதிஸிய்யாப் போரின் வெற்றித் தளபதி. கூஃபா நகரை உருவாக்கியவர். சுவனத்து நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். அந்நகர மக்களிற் சிலர் அவர்கள் மீது கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் குறை கூறினார்கள். தொழுகையை ஒழுங்காக நடத்தவில்லை என்றுகூடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் ஸஅதை அழைத்து நேரில் விசாரித்தார்கள். ஆளனுப்பிக் கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் கேட்கச் செய்தார்கள். குற்றச்சாட்டு நிலைபெறவில்லை. ஆயினும் ஆளுநர் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தார்கள். மக்களும் ஆளுநரும் மனம் ஒன்றாத இடத்தில் நிர்வாகம் செம்மையாக நடவாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் போலும்.

அதோடு முடியவில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் இறுதி வேளையில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவர் குழுவில் ஸஅதின் பெயரையும் சேர்த்தார்கள். அவரை விலக்கியது இயலாமைக்காகவோ நாணயக் குறைவுக்காகவோ அன்று என்பதையும் எல்லோர் முன்னும் தெளிவுபடுத்தினார்கள். பொறுப்பை மாற்றியது அமானிதக் கடன். பெயரைக் காத்தது நன்றிக் கடன். இரண்டையும் ஒரே மனிதர் எப்படிச் செலுத்துவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைப் படைத் தலைமையிலிருந்து அகற்றியபோதும், வெற்றியைத் தருபவன் அல்லாஹ் என்பதை மறந்து மக்கள் ஒரு தனிமனிதர் மீது சார்ந்துவிடலாகாது என்னும் கருத்தையே உமர் (ரலி) அவர்கள் காரணமாகக் காட்டியதாக வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். தலைமை போனபின்பும் காலித் (ரலி) அவர்கள் அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ் நின்று போரிட்டார்கள். பெற்ற பதவியைவிட ஏற்ற பணி பெரிதென்பதை அந்த மாவீரர் செயலால் காட்டினார்.

ஒரு தடை

இங்கே ஒரு தடை எழுப்பலாம். "பொறுமையின்றி மாற்றிவிட்டால் பின்னால் வரவிருந்த நன்மையை இழந்துவிட மாட்டோமா?" இது தள்ளத்தக்க தடையன்று. மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தில் அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். மூன்றாண்டுகள் ஒரு கோப்பையும் வரவில்லை. 1989 டிசம்பரில், மூன்றாண்டுச் சாக்குப்போக்குப் போதும், போய் வாருங்கள் என்ற கருத்தில் ஆதரவாளர் ஒருவர் அரங்கிலேயே துணியில் எழுதிப் பிடித்தார். அடுத்த மே மாதமே ஃபெர்குசன் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். 1993இல் அக்கழகத்துக்கு 26 ஆண்டுகளுக்குப்பின் லீக் பட்டம் கிடைத்தது. 2013இல் ஓய்வுபெறும்போது அவர் வென்ற லீக் பட்டங்கள் பதின்மூன்று. அந்தத் துணியில் எழுதியவாறு நடந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் இல்லை.

உண்மையே. ஆனால் இவ்வுதாரணம் நிறுவுவது என்ன? நாளை நிகழ்வதை மனிதர் அறியார் என்பதைத்தான். மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கே உரியது. ஃபெர்குசனுக்குப் பொறுமை பலித்தது என்பதால் எல்லோருக்கும் பலிக்கும் என்று ஆகாது. வெங்கரின் பிற்காலத்தில் பழைய உயரம் திரும்பவில்லை என்பதால் காத்திருந்தது தவறு என்றும் ஆகாது. விளைவு தெரிந்தபின் அறிவுரை கூறுவது எளிது. நம்மிடம் கேட்கப்படுவதோ, விளைவு தெரியாத வேளையில் நம் கண்ணுக்குத் தெரிந்தவற்றைக் கொண்டு நேர்மையாக முடிவெடுத்தோமா என்பதுதான். நபி நூஹ் (அலை) அவர்கள் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகள் தம் சமூகத்தாரிடையே வாழ்ந்து அழைப்புப் பணி புரிந்தும் ஏற்றவர் மிகச் சிலரே. விளைவை மட்டுமே அளவுகோலாக்கினால் அப்பணியை என்னென்பது? ஆகவே, மேலாளர் ஒருவரை எடைபோடும்போதும் கோப்பைகளை மட்டும் எண்ணினால் போதாது. எந்தச் சூழலில், எவ்வளவு பொருளோடு, எத்துணை நேர்மையோடு பணியாற்றினார் என்பதையும் எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணியபின் மாற்றம் வேண்டும் என்று தோன்றினால் அதனைச் சொல்லவும் வேண்டும்.

சொல்லும் முறை

சொல்லலாம், எவ்வாறு சொல்வது? 2014 டிசம்பரில் ஸ்டோக் நகரில் தோற்றபின் ரயிலேற வந்த வெங்கரை நிலையத்தில் நின்ற ஆதரவாளர் சிலர் கூச்சலிட்டு ஏசினார்கள். அப்போது அவருக்கு வயது 65. அவர் பயிற்றுவித்த ஆட்டத்தை விமரிசிப்பது வேறு. பெட்டியில் ஏறும் முதியவரை அவமதிப்பது வேறு. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளி நகையாடலாகாது, இழிபெயர் சூட்டலாகாது என்று திருமறை விதித்திருப்பது பள்ளிவாசலுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டமன்று. ஒரு சமூகத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்றும் அத்திருமறை எச்சரிக்கிறது. வெறுப்பவருக்கே நீதி கடமையென்றால், நமக்கு நன்மை செய்தவருக்கு அது எவ்வளவு கடமை!

முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர்களுக்கும் இதில் பங்குண்டு. 2016-17 பருவம் நெடுகிலும் வெங்கரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா, இல்லையா என்பது அறிவிக்கப்படாமலே கிடந்தது. பருவம் முடிந்து, கோப்பையும் வென்றபின், 2017 மே இறுதியில்தான் ஈராண்டு ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. தீர்ப்புக் கூறவேண்டியவர்கள் வாய்திறவாதிருக்கும்போது, தீர்ப்பைத் தெரு எடுத்துக்கொள்கிறது. ஏச்சும் கூச்சலும் அந்த மௌனத்தின் குழந்தைகள். கலந்தாலோசித்து முடிவெடுப்பதும், எடுத்த முடிவைத் தெளிவாகச் சொல்வதும் பொறுப்பாளர்கள் தம் கீழ் உழைப்பவருக்குச் செய்யவேண்டிய முதல் மரியாதை.

2018 ஏப்ரல் 20 அன்று, அப்பருவத்தோடு விலகுவதாக வெங்கர் அறிவித்தார். அதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் நம் உள்ளத்தை மிகவும் தொடும் பகுதி. அவ்வாண்டின் தொடக்கத்தில் அதே அரங்கில் இருக்கைகள் பல வெறிச்சோடிக் கிடந்தன. மே 6ஆம் நாள், அவருடைய கடைசி உள்ளூர் ஆட்டத்தன்றோ, அரங்கம் நிரம்பி வழிந்தது. பிரெஞ்சு மொழியில் நன்றி கூறும் வாசகம் பொறித்த சிவப்புச் சட்டைகள் ஒவ்வோர் இருக்கையிலும் வைக்கப்பட்டிருந்தன. விலகு என்றவரும் நீடி என்றவரும் ஒன்றாக எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆர்சனல் 5-0 என்று வென்றது. அதற்கடுத்த வாரம் 1,235ஆவது ஆட்டத்தோடு அவர் பணி நிறைவெய்திற்று.

அந்த நன்றி அதுவரை எங்கே இருந்தது? உள்ளத்தில் இல்லாமல் ஒரே நாளில் முளைத்துவிடவில்லை. முன்பே இருந்தது, சொல்ல அஞ்சினார்கள். நன்றி சொன்னால் அது நீடிக்கச் சொன்னதாகிவிடுமோ என்று ஒரு சாரார் அடக்கிக்கொண்டார்கள். குறை சொன்னால் அது நன்றி மறந்ததாகிவிடுமோ என்று மறுசாரார் குறையை அடக்கிக்கொண்டார்கள். போவது உறுதியானதும் இரண்டு கடன்களும் தாமாகவே பிரிந்துவிட்டன, நாவும் அவிழ்ந்துவிட்டது. முன்னரே பிரித்தறிந்திருந்தால், அவர் பணியில் இருக்கும்போதே நன்றியைக் கேட்டிருப்பார். குறையையும் கண்ணியமாகக் கேட்டிருப்பார்.

வெங்கர் தம் பங்கையும் செய்தார். விலகியபின் அவர் அரங்கின் பக்கம் நெடுநாள் வரவில்லை. புதியவர்களின் தோள்மீது தம் நிழல் விழச் செய்யவில்லை. முதலில் வந்த உனாய் எமரி 2019 நவம்பரில் விலக்கப்பட்டார். அடுத்து, வெங்கரிடமே ஆட்டக்காரராகவும் அணித்தலைவராகவும் இருந்த மிக்கேல் ஆர்த்தேத்தா பொறுப்பேற்று 2020இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றார். 2022 டிசம்பர் 26 அன்றுதான் வெங்கர் அந்த அரங்குக்குப் பார்வையாளராகத் திரும்பினார். 2023 ஜூலையில் அரங்கின் வெளியே அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது. சிலை வைப்பது நம் வழக்கமன்று. பதவியைத் திரும்பப் பெற்றபின்னும் நன்றியைத் திரும்பப் பெறவில்லை என்பதை அவர்கள் தம் வழக்கப்படி தெரிவித்தார்கள் என்று இதனைக் கொள்ளலாம்.

நமக்குரிய பாடம்

நம் ஜமாஅத்துகளிலும் மதரஸாக்களிலும், தந்தை தொடங்கி மைந்தர் நடத்தும் கடைகளிலும் இவ்வரலாறு வேறு பெயரில் நடந்துகொண்டேயிருக்கிறது. முப்பது ஆண்டு உழைத்த பெரியவரை மாற்ற வேண்டுமென்று ஒருவர் எழுந்தால், அவரை நன்றிகெட்டவர் என்கிறோம். மாற்றியபின்னரோ, அப்பெரியவர் தொழுகைக்கு வந்தால் அருகே அமர்ந்து நலம் கேட்கவும் தயங்குகிறோம். நாற்காலியில் இருந்தவரை அளவுக்கு மீறி அஞ்சினோம்; நாற்காலி போனதும் மனிதரையும் மறந்தோம். நன்றியைச் செலுத்த வேண்டிய இடத்தில் பதவியைக் கொடுத்து வந்ததால், பதவியை எடுக்கும்போது நன்றியும் சேர்ந்து போய்விடுகிறது.

பொறுப்பில் இருப்போரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டும். "இப்பணிக்கு நான் இன்னும் தேவைப்படுகிறேனா? அல்லது எனக்கு இப்பணி தேவைப்படுகிறதா?" இவ்வினாவுக்கு நேர்மையான விடையை நிய்யத்தை அறிந்த இறைவனுக்கு அஞ்சியே கூற முடியும். அமானிதம் என்ற சொல்லுக்குள்ளேயே திருப்பிக் கொடுத்தல் என்பது அடங்கியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கப்படாத அமானிதம் உலகில் ஏது? உயிரே அத்தகையதுதானே!

ஆதலின், அடுத்த முறை நம் பிள்ளைகள் ஒரு மேலாளர் நீடிக்கலாமா என்று கூடத்தில் அமர்ந்து வாதிடும்போது, அவர்களை வெறுமனே அதட்டி அனுப்பிவிடாமல் ஒரு கேள்வி கேட்போம்: "அவருக்கு நீ பட்ட கடன் என்ன? அந்தக் கழகத்துக்கு அவர் பட்ட கடன் என்ன?" இரண்டையும் தனித்தனியே எண்ணிச் சொல்லப் பழகிய பிள்ளை, நாளை ஒரு பொறுப்பில் அமர்ந்தாலும், ஒருவரைப் பொறுப்பிலிருந்து இறக்க நேர்ந்தாலும், நீதி தவறமாட்டான். நன்றி கொல்லாத நீதியையும் நீதி கெடாத நன்றியையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.